கரம்பனா, நாரந்தனையா: இன்னும் பிறக்காத மகனுக்கு

மகனே,

இதை எழுதும்போது எனக்குப் பதினேழு வயது. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாரென்றுகூட எனக்குத் தெரியாது. இந்த நேரம் எங்கேயாவது ஒரு வகுப்பில் வாங்குப் பலகையில் ஏறி நின்று தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பார். எனக்கு அமையப்போகிறவர் வேறு எப்படி இருப்பார்? ஆனாலும் நீ வளர்ந்து மீசை வைத்து, இந்த ஊரில் குடியிருப்பதா பக்கத்து ஊரில் குடியிருப்பதா என்று தலையைச் சொறிகிற ஒரு நாள் வரும். அந்த நாளில் நீ வாசிக்கத்தான் இது. உயிரோடு இருக்கிற ஒருவருக்கு எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். உயிரோடு இருக்கிற எவருக்கு எழுதினாலும் பொழுதுபடுவதற்குள் விஷயம் கனடாவில் இருக்கிற பெரியப்பாவுக்குப் போய்விடும். எங்கள் சொந்தத்தில் கதை காவாத ஒரே ஆள் நீதான். மற்றபடி இது திறந்த கடிதம்தான். நாங்கள் இருந்து வந்த இடத்தில் மூடி வைக்க எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

நாங்கள் அனலைதீவு ஆட்கள். என் அப்பா, உனக்கு அம்மப்பா, புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்தவர். போன வருடம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் சொல்லிவைத்ததுபோல வேலைநிறுத்தம் தொடங்கின. மாதத்துக்கு ஒரு முறை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போய் வந்தவர், கிழமைக்குக் கிழமை போக வேண்டியதாயிற்று. அங்கே போவதென்றால் முதலில் படகேறி ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும், பிறகு பஸ். காற்று எழும்பினால் படகு இல்லை. ஒரு நாள் அப்பா சேர்ட் பொத்தான் எல்லாம் பூட்டி, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இறங்குதுறையில் மத்தியானம் வரைக்கும் இருந்தார். கடல் விடவில்லை. "அப்பா, உங்களைப் பாத்தாப் பொம்பிளை பாக்க வெளிக்கிட்ட ஆள் மாதிரிக் கிடக்கு" என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. காலைக் காட்டினார். செருப்பு வாருக்கு மேலே பாதம் பொங்கி நின்றது. அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டார்: "இனி உந்தக் கடலின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது. அக்கரைக்குப் போவம்."

அக்கரையில் எங்களுக்கு வீடு இல்லை. ஆனால் தீவுப் பக்கம் ஆட்களைவிட வீடுகள்தான் அதிகம். ஆட்கள் வெளிநாட்டில், வீடுகள் இங்கே. பூட்டிக் கிடந்தால் கறையான் தின்னும் என்று, சொந்தத்தில் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு இருத்துவார்கள். வாடகை இல்லை. அதற்கு 'வீடு பார்க்கிறது' என்று பெயர். வீட்டை நாங்கள் பார்க்கிறோமா, வீடு எங்களைப் பார்க்கிறதா என்பது போயிருந்த பிறகுதான் தெரியும். அப்பாவின் அண்ணை, என் பெரியப்பா, கரம்பனில் வீடு கட்டிவிட்டுக் கனடாவில் இருக்கிறார். அம்மாவின் தங்கை, என் சித்தி, நாரந்தனையில் வீட்டை விட்டுவிட்டுப் பிரான்சில் இருக்கிறார். கரம்பனும் நாரந்தனையும் ஒட்டிக்கொண்ட ஊர்கள். ஒன்றில் தும்மினால் மற்றதில் நூறு வயது என்று வாழ்த்துவார்கள்.

ஒரே பின்னேரம் இரண்டு போனும் அடித்தன. அப்பா முற்றத்தில் நின்று பெரியப்பாவோடு கதைத்தார். அம்மா குசினிக்குள் சித்தியோடு. நான் நடுவில் இருந்தபடியால் இரண்டு காதும் நிறைந்தது. ஒரு காதில், "ஓம் அண்ணை, ஓம் அண்ணை, வாறம் அண்ணை." மற்றக் காதில், "ஓமடி, உன்ர வீடிருக்க நாங்கள் வேற எங்கை போறது, ஓமடி." எங்கள் வீட்டில் ஐயர் வந்தபோதுகூட இவ்வளவு ஓம் கேட்டதில்லை. இரண்டு பேரும் உள்ளே வந்து, ஒரே நேரத்தில், ஒரே சிரிப்போடு, "வீடு சரி" என்றார்கள்.

"எந்த வீடு?" என்று கேட்டேன்.

"கரம்பன்" என்றார் அப்பா. "நாரந்தனை" என்றார் அம்மா. முற்றத்தில் ஆடு கத்தியது.

"நீங்கள் உங்கட அண்ணைக்கு எடுத்துச் சொல்லுங்கோ" என்றார் அம்மா.

"ஏன், நீர் உம்மட தங்கச்சிக்குச் சொல்லுமன். இடம்பெயர்ந்த நேரம் என்னைத் தோளிலை காவின மனிசன். அவருக்கு ஏலாதெண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

"அவள் நான் தூக்கி வளத்த பிள்ளை. அவளுக்கு மட்டும் எனக்கு வேற வாய் இருக்கோ?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் வாயைப் பொத்திக் காட்டினேன்.

சரி, முதலில் இரண்டையும் போய்ப் பார்ப்போம், பார்த்தால் ஒரு முடிவு வரும் என்று புறப்பட்டோம். கரம்பன் வீட்டுப் படலையைத் திறந்து கால் வைத்ததும் ஆகாயத்திலிருந்து ஒரு குரல்: "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ! மாபிள் நிலம்!" அம்மா பயந்து அப்பாவின் கையைப் பிடித்துவிட்டார். சுவர் மூலையில் வெள்ளை முட்டை மாதிரி ஒன்று. அதற்குள் ஒரு கண், கண்ணுக்குக் கீழே ஒரு பச்சை வெளிச்சம். பெரியப்பா கனடாவில் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் எங்களைப் பார்க்கிறார், கமராவுக்குள்ளால் கதைக்கிறார். விறாந்தையில் ஒன்று, ஹோலில் ஒன்று, பின்படியில் ஒன்று, மோட்டரைக் கழட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கிணற்றடியில் ஒன்று. வீடு நல்ல வீடு, பொய் சொல்லக் கூடாது. யாழ்ப்பாண பஸ் வாசலில் நிற்கும். அம்மா கிணற்றில் அள்ளி ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார். பிறகு நிமிர்ந்து கமராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாங்கள் கிணற்றடியில் குளிக்கிற ஆட்கள்.

எனக்கு அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது. ஹோலில் கிடந்த தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கமராவுக்கு நேரே போய், ஒரு காலைத் தூக்கியபடி, கூட்டுகிற பாவனையில் சிலை மாதிரி நின்றேன். கண் இமைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. "தம்பி, படம் இறுகிப்போச்சு. அந்த ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடு." அப்பா ரவுட்டரைத் தேடி ஓடினார். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம் வந்த பிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அதனால் கால் வலித்தும் விடாமல் நின்றேன்.

நாரந்தனை வீடு பழசு. இரண்டு அறை எங்களுக்கு, மற்ற அறைகள் பூட்டு. கிணறு உவர், அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சீனி போட்டதற்கும் உப்புப் போட்டதற்கும் நடுவில் ஒரு ருசி. பஸ்ஸுக்கு ஒழுங்கைக்குள்ளால் நடக்க வேண்டும், அப்பாவின் காலுக்கு அது தூரம். இங்கே கமரா இல்லை. சித்தி தான் மட்டும் பிரான்சுக்குப் போய், வதையை இங்கே விட்டுப் போயிருந்தார்: அடுத்த வளவில் சித்தப்பாவின் அக்கா, கமலா மாமி. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் மாமி வருவா, கூப்பிட மாட்டா, தட்ட மாட்டா. நாங்கள் யன்னலைத் திறந்தால், "திறவாதை பிள்ளை, தூசி." மூடினால், "ஏன் பிள்ளை பகலிலை யன்னலைப் பூட்டுறாய்?" ஒரு வீட்டில் கமரா, மற்ற வீட்டில் கமலா. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று அம்மாவின் காதில் சொன்னேன். தொடையில் கிள்ளு விழுந்தது.

எந்த ஊர் நல்லது என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊர் என்ன செய்தது, பாவம்? கரம்பனில் பனைக்கு மேலே அடிக்கிற காற்றுத்தான் கொஞ்சம் நடந்து போய் நாரந்தனைப் பனைக்கு மேலேயும் அடிக்கிறது. இரண்டு ஊர்ச் சனமும் எங்களைக் கண்டதும் ஒரே கேள்விதான் கேட்டது: "நீங்கள் ஆரின்ர வீட்டுக்கு?" எங்கள் வீட்டுக்கு என்று சொல்லக்கூடிய ஒரு ஒழுங்கையும் இரண்டிலும் இல்லை. பார்த்துவிட்டு வந்தும் அப்பாவுக்கு ஏலாது என்று சொல்ல வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு எவருக்கும் இப்படி ஒரு வழி தோன்றியிராது. "ஒரே நாளிலை ரெண்டு வீட்டிலையும் பால் காய்ச்சுவம். அவைக்கும் மனம் நோகாது, இவைக்கும் நோகாது. பிறகு பாப்பம்." அந்தப் 'பிறகு பாப்பம்' என்கிற சொல்லை யாராவது உன்னிடம் சொன்னால் ஓடித் தப்பு, மகனே.

அன்றைக்குக் காலமை கரம்பனில் பால் பொங்கியது. "எந்தப் பக்கத்தாலை வழிஞ்சது?" என்று சுவர் கேட்டது. "கிழக்காலை, அத்தான்" என்றார் அம்மா. எல்லாம் முடிந்து, பானையைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறப் போகிறோம். "இப்ப எங்கை எல்லாரும் வெளிக்கிடுறியள், பானையோட?" என்று பின்னாலிருந்து சுவர் கேட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ தரம் பொய்க்காக என் காதை முறுக்கியவர், அன்றைக்குத்தான் முதல்முறை என்னிடம் ஒரு பொய் கேட்டார். என்னிடம் பொய் இருந்தது. கோயில், நேர்த்தி, பால் அபிஷேகம், எல்லாம் தயாராக நாக்கு நுனியில் நின்றது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. "நாரந்தனைக்குப் பெரியப்பா. அங்கையும் ஒருக்காப் பொங்க வேணும்" என்றேன்.

பெரியப்பா சிரித்த சிரிப்பில் கமரா கரகரத்தது. "உவளின்ர பகிடி! தம்பி, உவளை வைச்சுக்கொண்டு எப்பிடியடா காலந்தள்ளுறாய்?" அப்பாவும் சிரித்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. ஓட்டோ வெளிக்கிட்டது. குழப்படிக்காரி உண்மை சொன்னாலும் அது பகிடியில்தான் போய்ச் சேரும் என்று அப்போது விளங்கியது. நாரந்தனையிலும் பால் பொங்கியது. கமலா மாமி அதைப் போனில் வீடியோ எடுத்தா.

அதற்குப் பிறகு நாங்கள் இருந்த இருப்பைச் சொல்கிறேன். பகலில் மூன்று பேரும் கரம்பன். பொழுதுபட அம்மாவும் நானும் நாரந்தனைக்குப் போய் விளக்கு வைத்து, மாமி காண லைற் போட்டு, அங்கேயே படுப்போம். அப்பா பஸ்ஸுக்காகக் கரம்பனில் தனியே. பெரியப்பா கேட்டால், மனிசி உள்ளறையில் படுத்திட்டா என்று சொல்ல வேண்டும். கரம்பனில் நான் தலை சொறிந்தாலும், "பேன் மருந்து வைக்கேல்லையோ?" என்று கேள்வி வரும். வெங்காயம் வெட்டினால் கத்தி பிடிக்கிற விதம் பிழை. முதலில் இரண்டு மூன்று பகிடி விட்டுப் பார்த்தேன். நான் விடுகிற ஒவ்வொரு பகிடிக்கும் மறுகரையில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு நாக்கு தானாகவே மடங்கிவிட்டது. நாரந்தனையிலோ மாமிக்குக் கேட்கும் என்று குசுகுசுப்பு. முழுக்குரலில் கதைக்க எங்களுக்கு இருந்த ஒரே இடம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த ரோட்டு. அம்மாவும் நானும் அதில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக நடப்போம். அம்மா அங்கேதான் அழுவார். நான் அங்கேதான் பாடுவேன்.

ஒரு விடியக்காலை மாமி அம்மாவைப் பிடித்து வைத்துக் கதைத்ததால் நான் முன்னால் கரம்பனுக்கு வந்துவிட்டேன். படலையிலேயே கேட்டது: "தம்பி! எழும்படா தம்பி! ஆரும் இல்லையோ அங்கை!" ஓடினேன். அப்பா பின்படியில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். மாபிள் முழுக்க வாந்தி. போன் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. முகத்தைத் துடைத்து, தலையை மடியில் வைத்தேன். "ஒண்டுமில்லைக் குஞ்சு, தலை சுத்தினது" என்றார். அவருடைய கை குளிர்ந்திருந்தது.

"எங்கையடி கொம்மா?" என்று கமரா கத்தியது.

"நாரந்தனையிலை. ஒவ்வொரு நாளும் இரவிலை அங்கைதான் பெரியப்பா."

இந்த முறை சிரிப்பு வரவில்லை. கடலைத் தாண்டிக் குரல் வர எப்போதும் கொஞ்சம் சுணங்கும். அன்றைக்கு மிகவும் சுணங்கியது. பிறகு அவர் அமைதியாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும் பிள்ளை. சித்தி எப்பவோ வீடியோ அனுப்பினவ. நாங்கள் கதைச்சனாங்கள். நல்லந்தானே, ரெண்டு வீட்டுக்கும் ஆள் கிடைச்சிட்டுது. அப்பிடியே மாறி மாறிப் பாருங்கோ."

மகனே, ஒருவரும் தேடாத ஒன்றை நாங்கள் அவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருந்தோம். அப்பாவைத் தனியே படுக்க வைத்து, அம்மாவை ரோட்டில் அழ வைத்து, எவருடைய மனம் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தோமோ, அவர்கள் இரண்டு பேருக்கும் எங்கள் இரண்டுபட்ட சீவியம் நல்ல வசதியாக இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் சிரிப்பு வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. "ஏலாது பெரியப்பா" என்றேன். "எங்களுக்கு ஒரு வீடுதான் ஏலும்."

"விடியக்காலமை உன்ர பகிடியை விடு பிள்ளை. முதல்லை அப்பாவுக்குத் தண்ணி குடு."

அப்பா என் மடியிலிருந்து எழும்பினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்ப அவருக்கு வெகுநேரம் எடுத்தது. கமராவுக்கு நேரே நின்று சொன்னார்: "அண்ணை, அவள் பகிடி விடேல்லை."

"என்னடா?"

"எங்களாலை ஏலாது, அண்ணை. ஒரு வீடுதான்."

என் அப்பாவின் வாயில் பெரியப்பாவுக்கு அந்தச் சொல் வந்ததை நான் முன்பு கேட்டதில்லை. பெரியப்பாவும் கேட்டிருக்க மாட்டார். "நான் பாத்துக் கூப்பிட்டபடியாத்தான் இண்டைக்கு நீ எழும்பி நிக்கிறாய். கமராவைக் குறை சொல்லாதையுங்கோ" என்றார். ஒருவரும் கமராவைப் பற்றிக் கதைக்கவில்லை. "சரி, ஒரு வீடெண்டா எந்த வீடு?"

அப்பா பதில் சொல்லுமுன் பின்னால் சத்தம் கேட்டது. அம்மா வந்து நின்றார், மூச்சிரைக்க, செருப்பைக் கழட்டாமல். "நாரந்தனை, அத்தான்."

"அங்கை உப்புத் தண்ணி. இவன்ர வருத்தத்துக்கு உது ஆகுமோ?"

"குடிக்கிறதுக்குப் பவுசரிலை வாற நல்ல தண்ணி வாங்குவன்."

"பஸ்?"

"ஓட்டோ சொல்லி வைப்பன்."

"இவன் திரும்ப விழுந்தா ஆர் பாக்கிறது?"

"நான் பாப்பன், அத்தான்" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "பாக்கத்தானே நான் இருக்கிறன்."

கமராவிலிருந்து "உங்கட விருப்பம்" என்று கேட்டது. பச்சை வெளிச்சம் அணைந்தது. நாங்கள் வந்த நாளிலிருந்து அது அணைந்து நான் கண்டதில்லை. அம்மா வாந்தியைக் கழுவினார். அப்பா வாசல்படியில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. அதற்குப் பிறகும் இன்றுவரை பெரியப்பா எடுக்கவில்லை. அப்பா தினமும் அவருக்குக் கோல் எடுக்கிறார். மணி போகிறது, ஆள் இல்லை. இதை உனக்குச் சொல்லாமல் விட்டால் கடிதம் பொய்யாகிவிடும்: ஏலாது என்ற சொல்லுக்கு விலை உண்டு, அதை என் அப்பா ஒவ்வொரு நாளும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது நாரந்தனையில் இருந்துதான் எழுதுகிறேன். நாங்கள் தப்பிவிட்டோம் என்று நினைக்காதே. இரண்டு அறை. பூட்டிய அறைகளுக்குள் எலி ஓடுகிறது, திறப்புக் கொத்து எங்களிடம் இல்லை. சித்தியின் மகன் ஊரில் வந்து கலியாணம் கட்டப்போகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் அன்றைக்கே நாங்கள் மூட்டை கட்ட வேண்டும். அப்பாவின் கால் வீக்கம் வற்றவில்லை. அனலைதீவுக்குத் திரும்ப வழியில்லை. இரண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பார்த்து நல்லதைத் தெரிவு செய்தோம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். எங்களுக்குக் கிடைத்தது தெரிவு இல்லை. எந்தப் பக்கத்தால் எங்களை நெரிப்பது என்பதை மட்டும் எங்களிடம் கேட்டார்கள்.

இன்று பின்னேரம் அம்மா கிணற்றடியில் ஆற அமர முழுகிவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். அப்பா படுத்திருந்தார். முற்றத்தில் மாமியின் கால் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மாரி ஈரத்தில் ஊதிப்போன கதவு, தோளால் இடித்துத்தான் பூட்ட வேண்டியிருந்தது. வெளியில் கால் சத்தம் நின்றது. பிறகு தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆர்?" என்றார் அம்மா, ஆரென்று தெரிந்துகொண்டே.

"நான்தான், கமலா."

"நில்லுங்கோ அக்கா, வாறன்."

அம்மா அவசரப்படவில்லை. கூந்தலை முடிந்தார். அப்பாவின் காலுக்குப் போர்வையை இழுத்து விட்டார். என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். அது என்னுடைய வேலை, அம்மாவுக்கு எப்போது வந்ததோ தெரியாது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்.

ஆகவே மகனே, நீ வீடு பார்க்கப் போகிற அன்றைக்குத் தண்ணீரைக் குடித்துப் பார், பஸ் எங்கே நிற்கும் என்று பார். பிறகு உள்ளே போய்க் கதவை ஒருக்காச் சாத்திவிட்டு நின்று பார். வெளியில் நிற்கிறவர் தட்டுகிறாரா என்று காதைக் கொடுத்துக் கேள். அதோடு, நீ எவ்வளவு வளர்ந்தவனாக இருந்தாலும் சரி, என் அறைக்குள் வரும்போது தட்டிவிட்டு வா.

உனக்கு இன்னும் அம்மா ஆகாத,
அம்மா